முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள்: ஸ்காட்லாந்துப் பூர்வீகம்

முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) பிறந்தது திருவாரூர், மறைந்தது எட்டயபுரம். அவர் வம்சத்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவர் பாடிய சில மெட்டுகளுக்கோ நெருங்கிய உறவே உண்டு. மேற்கத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்து அவர் இயற்றிய ஏறத்தாழ 40 உருப்படிகள் ‘நோட்டுஸ்வரம்’ எனப்படுகின்றன.

‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு என்பது கேட்டவுடன் தெரிந்துவிடும். ‘ஜகதீச குருகுஹ’வின் மூலம் ‘லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்’. ஸ்கை தீவின் மெக்டொனால்டு பிரபு பெயரால் வழங்கும் துள்ளலான பிடில் நடன மெட்டு. இதே ரீல் அட்லாண்டிக் கடந்து அமெரிக்க நாட்டுப்புறக் கலைஞர்களிடம் ‘லெதர் பிரிட்சஸ்’ ஆனது. ‘வந்தே மீனாக்ஷி’ மெட்டை அயர்லாந்து ‘லிமரிக்’ என்று சொந்தம் கொண்டாடும். ஸ்காட்லாந்தில் கவிஞர் ஆலன் ராம்சே அதற்கு வேறு பாட்டு எழுதிவிட்டார். இந்தப் பங்காளிச் சண்டை இன்னும் ஓயவில்லை.

இவை தீட்சிதர் காதுக்கு எட்டிய வழி சென்னையை அடுத்த மணலி. அவர் தந்தை ராமசுவாமி தீட்சிதரை ஆதரித்த மணலி வேங்கடகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்). புனித ஜார்ஜ் கோட்டை பேண்டு வாத்தியம் அவ்வழியாக வீட்டுக்குப் பழக்கமானது. தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலினும் கற்றார்.

இம்மெட்டுகளின் மேஜர் ஸ்கேலும் சங்கராபரண ராகமும் ஒரே ஸ்வரங்கள் கொண்டவை. ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தை விட்டுவிட்டு, ஸ்வரத்துக்கு ஓர் அசையாக, நெடிலை நீண்ட ஸ்வரத்திலும் குறிலைக் குறுகிய ஸ்வரத்திலும் பொருத்தினார் தீட்சிதர். ரீலின் வேகத்துக்குச் சொல் சிக்காமல் ஓடுவது இதனால்தான்.

இவற்றை மணலியில் இளவயதில் இயற்றினார் என்பது பரவலான வழக்கு. இங்கேதான் திருத்தணி குறுக்கிடுகிறது. தீட்சிதர் காசி சென்று திரும்பியபின், திருத்தணி மலையில் முதியவர் உருவில் வந்த முருகன் அவர் வாயில் கற்கண்டு இட்டதாகவும், மாயாமாளவகௌளையில் ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்ற முதல் கிருதி அப்போது பிறந்ததாகவும், முருகனைக் குறிக்கும் ‘குருகுஹ’ முத்திரை அன்றிலிருந்தே வந்ததாகவும் மரபு சொல்கிறது. அப்படியானால், தொடக்கத்திலேயே அம்முத்திரையைத் தாங்கிய ‘ஜகதீச குருகுஹ’ மணலிச் சிறுவனின் பாட்டாக இருப்பது கடினம். மெக்டொனால்டு பிரபுவின் ரீல் தணிகை முருகன் பெயரை ஏற்றது காசிப் பயணத்துக்குப் பிந்தியே என்று கொள்வதே பொருத்தம்.