வ. வே. சு. ஐயரும் சேரன்மாதேவிப் பந்தியும்



நாட்டு விடுதலையைப் பற்றி எழுதப்புகுவார் சிறையையும் தூக்குமரத்தையும் எடுத்தோதுவர். உண்கலத்தை எடுத்தோதுவார் மிகச் சிலரே. அந்நிய அரசுக்கு அஞ்சாது நின்ற ஒரு பெருவீரர், தம் நாட்டுச் சிறுவர் உண்ணும் பந்தியின் முன்னே இடருற்ற வரலாற்றை ஈண்டு யாம் கூறப்புகுகின்றோம். அவர்தாம் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர்.

இவர் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த வரகனேரியிற் பிறந்தார். நம் பெரம்பலூரும் அரியலூரும் அந்நாளில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்தனவே. 1995ஆம் ஆண்டிலேதான் நம் பகுதி அதனினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. ஆதலின் ஐயரை நம்மவரென்று உரிமை பாராட்டுதல் தகும். அவர் வரலாற்றினின்று பாடம் கற்றலும் நம் கடனாம்.

வக்கீல் தேர்வில் தேறி, இரங்கூனிற் சிலகாலம் தொழில் நடாத்திய ஐயர், பாரிஸ்டர் பட்டம் கருதி 1907இல் இலண்டன் சென்றார். ஆண்டு இந்தியா விடுதியில் சாவர்க்கர் முதலியோரோடு கூடிப் புரட்சி நெறியிற் புகுந்தார். படிப்பு முற்றியும், அரசர்க்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மனமொவ்வாது அப்பட்டத்தைத் துறந்தார். போலீசார் தம்மைத் தேடுதலறிந்து, சீக்கியர் வேடம் பூண்டு புறப்பட்டார். பெட்டியிற் பொறித்த வ. வே. சு. என்னும் எழுத்துக்களைக் கண்டு ஐயுற்றாரிடம், வீர விக்கிரம சிங் என்பதே அவற்றின் விரிவெனக் கூறித் தப்பினாரென்பர். 1910இல் புதுச்சேரி சேர்ந்து, பாரதியாரோடும் அரவிந்தரோடும் பழகிப் பத்தாண்டு அங்கு வாழ்ந்தார்.

படைக்கலம் பயிற்றிய அக்கையே எழுதுகோலையும் ஏந்திற்று. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடியெனப் பலரும் போற்றும் ‘குளத்தங்கரை அரசமரம்’ இயற்றினார். 1920இல் தமிழகம் மீண்டு காந்தியடிகளின் அறவழியைத் தழுவினார். ‘தேசபக்தன்’ ஆசிரியராயிருந்து, அதில் வெளிவந்த கட்டுரையொன்றன் பொருட்டு 1921இல் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை ஏற்றார். பல்லாரிச் சிறையிலிருந்தே கம்பராமாயண ஆராய்ச்சி நூலை ஆங்கிலத்தில் எழுதினார்.

இத்தகையார் 1922இல் ஒரு தமிழ்க் குருகுலம் தொடங்கினார். அது திருநெல்வேலிச் சீமையிலுள்ள சேரன்மாதேவியில் நிலைபெற்றது. தாய்மொழிக் கல்வியும், கைத்தொழிலும், உடற்பயிற்சியும், தேசபக்தியும் ஒருங்கே வளர்ப்பது அதன் நோக்கம். பல சாதிச் சிறுவரும் அங்குச் சேர்ந்தனர். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பதினாயிரம் ரூபாய் உதவ இசைந்து, 5,000 ரூபாய் அளித்தது. ஆயின், பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவிடப்படுகின்றதென்னும் செய்தி வெளிப்பட்டது. ஐயரோ எல்லாரோடும் கலந்துண்பவர். எனினும் அச்சிறுவரின் பெற்றோர்க்குத் தாம் கொடுத்த வாக்கைக் கைவிடமாட்டேனென்றார். பெரியார் ஈ. வெ. ராமசாமியும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். காந்தியடிகள், கொடுத்த வாக்கு அவ்விருவரளவில் நிற்க, இனி வருவார் எல்லாரும் ஒன்றாகவே உண்ணல் வேண்டுமென்று சமாதானம் கூறியும் பூசல் தணிந்திலது. ஐயர் குருகுலப் பொறுப்பினின்றும் விலகினார். பெரியார் 1925ஆம் ஆண்டின் இறுதியிற் காங்கிரசை விட்டு நீங்கியதற்கு இப்பூசலும் ஒரு காரணமாயிற்று.

இதனிடை, 1925 ஜூன் மாதத்தில், பாபநாசத்து அருவியில் வீழ்ந்த தம் மகள் சுபத்திரையைக் காக்கப் பாய்ந்து, ஐயர் தாமும் நீரில் மாய்ந்தார். அப்போது அவர்க்கு வயது நாற்பத்து நான்கு.

வாக்கைக் காத்தல் அறமன்றோ எனிற் கூறுதும்: தம் பொருளை ஈவதாகவோ தம் உயிரைக் கொடுப்பதாகவோ ஒருவர் வாக்களிக்கலாம். பிறர் மக்களின் மானத்தைக் கொடுப்பதாக வாக்களிக்க எவர்க்கும் உரிமையில்லை. தனியிலையில் உண்டவர் இருவரே. பக்கத்தறையிலிருந்து அதனை நோக்கிய சிறுவரோ பலர். தாம் தாழ்ந்தவரென்னும் பாடத்தை அவர்க்கு எந்நூலும் கற்பித்திலது; அவ்விரண்டு இலைகளே கற்பித்தன. பொதுமக்கள் பொருளால் தேசபக்தரை வளர்க்கவெழுந்த நிலையத்தில் இது நிகழ்ந்தமையே பெருந்துயரம். இதனாற் சங்கிலி பூண்ட நாட்டின்பொருட்டு ஐயர் பட்ட துன்பம் சிறிதும் குறையாது. அவர் தியாகத்தால் இப்பிழை மறைதலுமில்லை.

இன்று நம்மூர்ப் பள்ளிகளிலே 1956இல் காமராசர் காலத்துப் பரவிய மதிய உணவும், 2022இல் தொடங்கிய காலையுணவும் உண்ணும் குழந்தைகள் ஒரே வரிசையில் அமர்தலை ஆசிரியராகிய யாம் நாள்தோறும் காண்கின்றோம். ஆயினும் பொதுச் சமையலை மறுத்து வீட்டுணவு கட்டியனுப்புவார் இன்னும் முற்றும் ஒழிந்திலர். சங்கத்தீர், நம் இனத்துப் பிள்ளைகட்கு விடுதி வேண்டுமென்னும் பேச்சு நம்மிடை எழும்போதெல்லாம் சேரன்மாதேவியை நினைமின். அவ்விடுதி எழுமாயின், அதன் வாயில் எல்லாச் சாதிப் பிள்ளைகட்கும் திறந்திருக்க. அதன் பந்தியும் ஒன்றேயாகுக. நம் மக்கள் பிறரோடு ஒக்க அமர உரிமை வேண்டுமென்று கூடிய நாம், நம் பக்கத்தே பிறர் அமர்தலை மறுப்போமாயின், நம் சங்கம் எதன்பொருட்டு எழுந்ததென்பதை நாமே மறந்தவராவோம்.