சாமைக்கு யார் கூலி கொடுப்பது?

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சாலை வழியே மேலே போனவற்றைவிட, கீழே இறங்கிய மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளே மலையின் காடுகழனிகளை அதிகம் மாற்றின.

அதற்கு முன் அங்கே புஞ்சைப் பயிர் என்றால் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. சாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சமவெளிக்காரர் வழக்கம். மலையாளிப் பழங்குடியினரோ கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலச் சாமை என்று பிரித்துச் சொல்வார்கள். தினையிலும் செந்தினை வேறு, பெருந்தினை வேறு. ஒன்று முந்தி விளையும், ஒன்று பிந்தும். ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கஞ்சிக்கு ஆகும். விதையைப் பிரித்துத் தொம்பையில் சேர்த்து வைப்பது பெரும்பாலும் பெண்களின் பொறுப்பு. அதற்கு யாரும் கூலி கொடுத்ததில்லை, கேட்டதும் இல்லை.

கூலி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1943இல், போர்க்காலத் தட்டுப்பாட்டின் நடுவே, சேலத்து மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கினார். ஆலைகள் பெருகின, 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமும் வந்தது. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் ரொக்கம். சாமையை உரலில் இட்டு, உலக்கையால் குத்தி, புடைத்து எடுப்பதற்குள் பெண்களுக்குத் தோள் கழன்றுவிடும். 2011இல் ரேஷன் அரிசியும் இலவசமானது. இத்தனைக்கும் பிறகு ஒரு குடும்பம் சாமை விதைத்தால் அது பிடிவாதம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை இந்தியச் சட்டம் 2001இல் எழுதிவைத்தது. பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, நாட்டு ரகங்களைக் காத்தவருக்கு மரபணு நிதியிலிருந்து வெகுமதி பெறும் உரிமை உண்டு. ஆண்டுக்கு ஐந்து சமூகங்கள் வரை தலா 10 லட்சம் ரூபாய் விருது பெறலாம். நல்ல தொகைதான். ஆனால் அது விருது. ஒருமுறை மேடையேறி வாங்குவது. ஜவ்வரிசி ஆலையோ அறுவடைதோறும் பணம் தருகிறது.

விருதாக இல்லாமல் சம்பளமாகவே கொடுத்தால் என்ன? ஆண்டிஸ் மலையில், பொலிவியாவிலும் பெருவிலும், கினோவா பயிரிடும் ஊர்களில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். நடந்தது தலைகீழ் ஏலம். அருகிவரும் ரகத்தை விதைக்க எவ்வளவு வேண்டும் என்று ஊர்க் குழுக்களே விலை சொல்ல வேண்டும். குறைவாகக் கேட்டவருக்கு முன்னுரிமை. மூதாதையர் காத்த விதைக்குக் குறைந்த விலை சொல்பவர் வெல்வது கேட்பதற்குச் சற்றுக் கசப்புதான். ஆனாலும் இருக்கிற கொஞ்சப் பணத்தில் அதிக ரகங்களைக் காக்க அது ஒரு வழி.

கொல்லிமலையிலும் ஆய்வாளர்கள் உழவர்களிடம் இதே கேள்வியோடு போனார்கள்: சிறுதானியம் விதைக்க எவ்வளவு ஈடு வேண்டும்? ஆளுக்கு ஆள், தானியத்துக்குத் தானியம் பதில் மாறியது. தன் வீட்டுச் சோற்றுக்கு விதைப்பவரும் சந்தைக்கு விதைப்பவரும் ஒரே கணக்குப் போடுவதில்லை.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் வேலை செய்கிறது. ஊர் விதை வங்கிகளும் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் மாவுப் பொட்டலங்களும் அதன் முயற்சியில் வந்தவை. அவற்றோடு ஊருக்குள் வந்த இன்னொரு பொருள், தானியத்தின் உமி நீக்கும் சிறு இயந்திரம். அது கூலி எதுவும் தரவில்லை. உலக்கையை மட்டும் கையிலிருந்து வாங்கி வைத்தது.