கூடாரத்துக்கு மின்னடுப்பு: வாங்குமுன் கணக்குப் பாருங்கள்

பாடசாலை விடுமுறையும் நீண்ட வார இறுதியும் சேர்ந்து வந்தால் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு புறப்படும் வழக்கம் நம் நாட்டு இளைஞர்களிடமும் குடும்பங்களிடமும் பெருகியிருக்கிறது. நக்கிள்ஸ் மலையடிவாரம், பெலிகுல் ஓயா, ஹோர்ட்டன் சமவெளி, அறுகம்பை, கல்பிட்டி, காரைநகர் கசூரினா கடற்கரை என்று போகும் இடங்கள் பல. எங்கு போனாலும் முதலில் எழும் கேள்வி சாப்பாடு. விறகு மூட்டுவதற்குப் பாதுகாக்கப்பட்ட வனங்களில் கட்டுப்பாடு உண்டு. வரட்சிக் காலத்தில் மலையகத்தின் மானாப்புல் சரிவுகளில் ஒரு தீப்பொறி போதும், மலை முழுவதும் எரிந்துவிடும். அதனால் பலரும் மின்சாரத்தில் இயங்கும் சிறிய அடுப்பு, றைஸ் குக்கர், கேத்தல் போன்றவற்றைத் தேடுகிறார்கள்.

தேடுவது சரி. ஆனால் கடையில் அடுப்பைப் பார்த்து வாங்கிவிட்டு, அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று பிறகு யோசிப்பதுதான் பணத்தை வீணாக்குகிறது. 2022இல் எரிவாயு கிடைக்காமல் மின்னடுப்பை நம்பியவர்கள், அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது இதை நன்றாகவே அனுபவித்தார்கள். காட்டிலும் கடற்கரையிலும் அதே கதைதான். முதலில் மின்சாரத்தைத் தீர்மானியுங்கள், அடுப்பை அதன் பிறகு தெரிவு செய்யுங்கள்.

இரண்டு எண்களைப் பிரித்தறிதல்

மின் சாதனத்தில் ‘வாற்று’ என்று இருப்பது அது ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரத்தை இழுக்கிறது என்பதைக் காட்டும். மின்கலத்தில் ‘வாற்று மணித்தியாலம்’ என்று இருப்பது மொத்தம் எவ்வளவு சேமிப்பு உண்டு என்பதைக் காட்டும். நீர்த்தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். வாற்று மணித்தியாலம் தாங்கியின் கொள்ளளவு. வாற்று குழாயின் அகலம். தாங்கி பெரிதாக இருந்தாலும் குழாய் சிறிதென்றால் வேண்டிய வேகத்தில் நீர் வராது. 1000 வாற்று மணித்தியாலம் என்பது மின்கட்டணப் பட்டியலில் நாம் பார்க்கும் ஓர் அலகுக்குச் சமம்.

25 பாகை செல்சியஸில் உள்ள ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 87 வாற்று மணித்தியாலம் தேவை. வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் 100 என்று வைத்துக்கொள்ளலாம். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் 20,000 மில்லி அம்பியர் மணி ‘பவர் பாங்க்’ ஒன்றில் இருப்பது சுமார் 74 வாற்று மணித்தியாலம்தான். அதாவது தொலைபேசியை நாலைந்து தடவை நிரப்பக்கூடிய அந்தப் பெட்டியால் ஒரு லீற்றர் தண்ணீரைக்கூடக் கொதிக்க வைக்க முடியாது. சமையல் அவ்வளவு மின்சாரம் குடிக்கும் வேலை.

மின்சாரம் எங்கிருந்து?

முதலாவது, பிளக் உள்ள முகாமிடம். தனியார் நடத்தும் பல முகாமிடங்களில் கூடாரத்துக்கு அருகே அல்லது பொது மண்டபத்தில் 230 வோல்ற்று மின்சாரம் கிடைக்கும். முன்பதிவு செய்யும்போதே மூன்று விடயங்களைக் கேளுங்கள்: சமையல் சாதனம் பாவிக்க அனுமதி உண்டா, பிளக் எத்தனை அம்பியர், ‘ட்ரிப் சுவிட்ச்’ பொருத்தப்பட்டிருக்கிறதா. பழைய கட்டடங்களில் இன்னமும் 5 அம்பியர் வட்டமுனைப் பிளக்குகள் இருக்கின்றன. அவை தாங்குவது 1150 வாற்று மட்டுமே. 2000 வாற்று அடுப்பு கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். அதை ஓர் அடப்டர் போட்டு 5 அம்பியர் பிளக்கில் மாட்டினால் வயர் சூடேறி உருகும்.

இரண்டாவது, வாகனம். காரின் சிகரெட் லைட்டர் துவாரத்துக்கு வழமையாக 10 அல்லது 15 அம்பியர் உருகிதான் இருக்கும். 12 வோல்ற்றில் அது 120 முதல் 180 வாற்று. 120 வாற்றுக் கார் கேத்தலில் அரை லீற்றர் தண்ணீர் கொதிக்க அரை மணித்தியாலம் அளவில் ஆகும். பிள்ளைக்குப் பால்மா கரைக்கவும், சோற்றுப் பார்சலை மின் உணவுப் பெட்டியில் சூடாக்கவும் இது போதும். சோறு சமைக்கப் போதாது. வாகனத்தின் பற்றறி இயந்திரத்தை உயிர்ப்பிப்பதற்காகச் செய்யப்பட்டது. அதை இறங்க இறங்கப் பாவித்தால் காலையில் வாகனம் இயங்காது, பற்றறியின் ஆயுளும் குறையும். ஜப்பானிலிருந்து வந்த சில ஹைபிரிட் வாகனங்களுக்குள் 1500 வாற்று வரை தரும் பிளக் உண்டு. ஆனால் அது 100 வோல்ற்று. நம் நாட்டுச் சாதனங்கள் அதில் சரியாக இயங்கா. தேவைப்படும்போது இயந்திரம் தானாக இயங்கிப் புகை விடும் என்பதால், மூடிய இடத்தில் அவ்வாறு பாவிக்கவும் கூடாது.

மூன்றாவது, ‘பவர் ஸ்டேஷன்’ என்று கடைகளில் விற்கப்படும் பெரிய மின்கலப் பெட்டி. சத்தமும் புகையும் இல்லை. லித்தியம் இரும்பு பொஸ்பேற்று வகை சற்றுப் பாரமாக இருந்தாலும் நீண்ட காலம் உழைக்கும், வெப்பத்தையும் ஒப்பீட்டளவில் நன்றாகத் தாங்கும். வாங்கும்போது கொள்ளளவை மட்டும் பார்க்காமல், தொடர்ச்சியாக எத்தனை வாற்று தரும் என்பதையும் பாருங்கள். 500 வாற்று மணித்தியாலக் கொள்ளளவும் 300 வாற்று வெளியீடும் உள்ள பெட்டியில் 700 வாற்று றைஸ் குக்கரைப் போட்டால் பெட்டி உடனே நின்றுவிடும். ‘தூய சைன் அலை’ தரும் பெட்டியா என்றும் கேட்க வேண்டும். சாதாரண றைஸ் குக்கர் எந்த அலையிலும் இயங்கும். இண்டக்ஷன் அடுப்பு அப்படியல்ல.

சூரியத் தகட்டை மேலதிக உதவியாக மட்டுமே எண்ணுங்கள். 100 வாற்றுத் தகடு, நல்ல வெயிலில் சரியான கோணத்தில் வைத்தால், ஒரு நாளில் 300 முதல் 400 வாற்று மணித்தியாலம் தரலாம். மரநிழலிலும் மலையக மூடுபனியிலும் அதில் சிறு பங்குதான் கிடைக்கும்.

எந்தச் சாதனம் யாருக்கு?

றைஸ் குக்கர்: நம் சாப்பாட்டு முறைக்கு முதலில் வாங்க வேண்டியது இதுதான். 0.6 லீற்றர் சிறிய வகை ஏறத்தாழ 300 வாற்று. இரண்டு பேருக்குப் போதும். 1.8 லீற்றர் வகை 700 வாற்று அளவில் வரும். நாலைந்து பேருக்குப் போதும். மூடியுடன் இருப்பதால் காற்று வெப்பத்தைக் கொண்டுபோகாது. சோறு மட்டுமன்றிப் பருப்பு, கஞ்சி, நூடில்ஸ், முட்டை எல்லாம் அதிலேயே அவிக்கலாம்.

பன்முகச் சமையல் பானை: 300, 600 வாற்று என இரண்டு நிலைகளுடன் வரும் சிறிய மின்பானை. கறியும் வைக்கலாம், முட்டையும் பொரிக்கலாம். சிறிய மின்கலப் பெட்டியோடு ஒத்துப்போவது இதன் பெரிய நன்மை.

இண்டக்ஷன் அடுப்பு: விரைவானது, வெப்பம் அதிகம் வீணாகாது, காற்று பாதிக்காது. ஆனால் பெரும்பாலானவை 2000 வாற்று. குறைந்த நிலையில் வைத்தாலும் பல அடுப்புகள் முழு வலுவை விட்டுவிட்டு இழுக்கும். அதனால் சிறிய மின்கலப் பெட்டிகள் நின்றுபோகும். நம் வீடுகளில் உள்ள அலுமினியப் பானையும் மண்சட்டியும் இதில் சூடேறா. பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் பாவிக்கலாம். பிளக் உள்ள முகாமிடத்துக்கு மட்டும் இது நல்ல தெரிவு.

சுருள் தட்டு அடுப்பு: விலை குறைவு, தட்டையான அடியுள்ள எந்தப் பாத்திரமும் வைக்கலாம். ஆனால் திறந்தவெளியில் காற்று அடித்தால் வெப்பத்தில் பெரும் பங்கு வீணாகும். நிறுத்திய பிறகும் நீண்ட நேரம் சுடும் என்பதால் சிறு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கவனம் தேவை.

கேத்தல்: வீட்டுக் கேத்தல் 1500 வாற்றுக்கு மேல் இழுக்கும். பயணக் கேத்தல்கள் 600 வாற்று அளவில் கிடைக்கின்றன. ஒரு லீற்றருக்குச் செலவாகும் மின்சாரம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான், நேரம் மட்டும் கூடும். ஒரு தடவை கொதிக்க வைத்துப் பிளாஸ்கில் ஊற்றி வைப்பதே சிக்கனம்.

நாலு பேர், ஓர் இரவு: ஒரு கணக்கு

அரைக் கிலோ அரிசிச் சோற்றுக்கு 250 முதல் 300 வாற்று மணித்தியாலம். ஊறவைத்த பருப்பில் ஒரு கறிக்கு 150. இரவும் காலையும் தேநீருக்கு ஒவ்வொரு லீற்றர் தண்ணீர், மொத்தம் 200. காலையில் முட்டை பொரிக்க 100. கூட்டினால் 700 முதல் 750 வரும். மின்கலப் பெட்டி நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும்போது 10 முதல் 15 வீதம் இழக்கும். ஆக 850 அளவில் தேவை. நாலு பேர் கொண்ட குடும்பம் ஓர் இரவுக்கு முழுவதும் மின்சாரத்தில் சமைக்க விரும்பினால் 1000 வாற்று மணித்தியாலப் பெட்டி வேண்டும். 500 அளவுள்ள பெட்டி என்றால் சோறும் ஒரு தடவைத் தேநீரும். கறியை வீட்டிலிருந்து கொண்டு போகலாம்.

இந்தக் கணக்கைக் குறைக்க வழிகள் உண்டு. அரிசியையும் பருப்பையும் அரை மணித்தியாலம் ஊறவையுங்கள். கடலை போன்று நெடுநேரம் அவிய வேண்டியவற்றை வீட்டிலேயே அவித்து எடுங்கள். புட்டு, இடியப்பம் போன்றவற்றுக்கு நீராவி தொடர்ந்து வேண்டும் என்பதால் மின்கலத்துக்கு அவை ஒத்துவரா. பருப்பு கொதித்ததும் பானையைப் பிளக்கிலிருந்து கழற்றி, தடித்த துணியால் சுற்றி வைத்தால் மிச்சம் தன் சூட்டிலேயே வேகும்.

உயரமான இடங்களில் இன்னொரு விடயம் இருக்கிறது. ஏறத்தாழ 300 மீற்றர் ஏற ஏறத் தண்ணீரின் கொதிநிலை ஒரு பாகை குறையும். 2100 மீற்றர் அளவில் உள்ள ஹோர்ட்டன் சமவெளியில் தண்ணீர் 93 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அங்கு சோறும் பருப்பும் வேக அதிக நேரம் எடுக்கும். அரிசிக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் விடுங்கள். கணக்கில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் சாதனங்கள்

கனடாவில் இருக்கும் உறவினர் அனுப்பிய குக்கரும், பாவித்த ஜப்பானியப் பொருள் கடையில் மலிவாகக் கிடைத்த கேத்தலும் நம் வீடுகளில் புதிதல்ல. கனடாவின் மின்சாரம் 120 வோல்ற்று, ஜப்பானுடையது 100 வோல்ற்று. அந்தச் சாதனங்களை இங்குள்ள 230 வோல்ற்றில் நேரடியாக மாட்டினால் எரிந்துவிடும். பிரித்தானியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியாவிலிருந்து வருபவை வோல்ற்றளவில் பொருந்தும். பிளக்கை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். அடியில் உள்ள சிட்டையில் ‘220–240 வோல்ற்று, 50 ஹேட்ஸ்’ என்று இருப்பதே நமக்குரியது. பெரிய மின்கலப் பெட்டியை விமானத்தில் கொண்டுவரச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். 160 வாற்று மணித்தியாலத்துக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலத்தைப் பயணி எடுத்துவர அனுமதி இல்லை.

உயிர் சம்பந்தப்பட்ட விதிகள்

மின்சாரமும் ஈரமும் சேரும் இடம்தான் முகாம். ஈர நிலத்தில் வெறுங்காலோடு நின்று மின்பானையைத் தொடாதீர்கள். சாதனத்தைத் தரையில் வைக்காமல் உலர்ந்த பலகையில் வையுங்கள். மழை தொடங்கினால் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், பிறகு பாத்திரத்தைப் பாருங்கள். முகாமிடத்தின் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியரில் துண்டிக்கும் வகையாக இருக்க வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அங்கே சமைக்க வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன் வயர் தேவையென்றால் 1.5 சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ளதையே எடுங்கள். விளக்குக்கும் தொலைபேசிக்கும் பாவிக்கும் மெல்லிய வயர் அடுப்பைத் தாங்காது. உருளையில் சுற்றிய வயரை முழுவதும் அவிழ்த்துவிட்டே பாவிக்க வேண்டும். சுற்றிய நிலையில் வெப்பம் வெளியேற வழியில்லை.

மின்னடுப்பு என்றாலும் கூடாரத்துக்குள் சமைக்காதீர்கள். கூடாரத் துணி நொடியில் உருகும், கொதிநீர் கவிழ்ந்தால் ஒதுங்க இடம் இராது. மின்சாரம் தீர்ந்துபோய் மாற்றாகக் கொண்டுவந்த எரிவாயு அடுப்பையோ, குளிருக்குக் கரித்தணலையோ கூடாரத்துக்குள் எடுப்பது இதைவிடப் பேராபத்து. எரியும் எதிலிருந்தும் வெளியேறக்கூடிய காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்தில் இருப்பவர் எழும்ப மாட்டார். பெற்றோல் ஜெனரேற்றருக்கும் இதுவே பொருந்தும். மின்கலப் பெட்டியை வெயிலிலோ மூடிய வாகனத்துக்குள்ளோ விடாமல் நிழலில் வையுங்கள். கடற்கரையில் மணலும் உப்புக்காற்றும் அதன் காற்றுத் துவாரங்களுக்குள் போகாமல் பாருங்கள். யானை நடமாடும் பகுதிகளில் மிச்சச் சாப்பாட்டையும் உப்பையும் கூடாரத்துக்குள் வைத்துப் படுக்க வேண்டாம்.

மின்சாரம் வேண்டாத பயணம்

தோளில் சுமந்து நடந்து போகும் பயணத்துக்கு மின்சமையல் ஏற்றதல்ல. ஒரு குடும்பத்துக்குச் சோறாக்கும் மின்கலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது. அங்கு பாண், சம்பல், டின்மீன், வீட்டில் சமைத்த பார்சல், அனுமதி உள்ள இடத்தில் ஒரு சிறிய எரிவாயு அடுப்பு என்பதே நடைமுறை. வாகனம் கூடாரம் வரை போகும் பயணத்துக்கும் பிளக் உள்ள முகாமிடத்துக்கும்தான் மின்சாதனத்தில் பணம் போடலாம்.

ஆண்டுக்கு ஒரு தடவை மட்டும் முகாமிடுபவர் பெரிய மின்கலப் பெட்டி வாங்கத் தேவையில்லை. பிளக் உள்ள இடத்தைத் தெரிவு செய்து, வீட்டிலுள்ள றைஸ் குக்கரைக் கொண்டு போனாலே போதும். அடிக்கடி போகிறவர்களுக்கும், புயல் வெள்ளக் காலங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருக்க நேரும் பகுதிகளில் வாழ்கிறவர்களுக்கும் அது இரட்டைப் பயன் தரும். அப்படி வாங்கினால், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு வீட்டு முற்றத்தில் வைத்து ஒரு நேரச் சமையலை முழுவதும் அதிலேயே செய்து பாருங்கள். எத்தனை வீதம் மின்னேற்றம் இறங்கியது என்று குறித்துக்கொண்டால், முகாமில் எத்தனை வேளைக்குத் தாங்கும் என்பது தெரிந்துவிடும்.