புதுச்சேரித் தமிழ்–பிரெஞ்சு வீடு

புதுச்சேரி நகரில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கேயுள்ள தமிழர் பகுதியில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் உருவான வீட்டு வகை. கீழ்த்தளம் தமிழ் மரபிலும் மேல்தளம் பிரெஞ்சுப் பாணியிலும் அமைவது இதன் சிறப்பு.

தோற்றம்: 1693 முதல் 1699 வரை புதுச்சேரியை வைத்திருந்த டச்சுக்காரர் நேர்கோட்டு வீதிகளுக்குத் திட்டம் வகுத்தனர், பின்வந்த பிரெஞ்சுக்காரர் அதையே தொடர்ந்தனர். வாய்க்காலுக்குக் கிழக்கே ஐரோப்பியரும் மேற்கே தமிழரும் குடியிருந்தனர். இவ்வகையின் முன்னோடி, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியும் (மொழிபெயர்ப்பாளர், முகவர்) நாட்குறிப்பாளருமான ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) 1730களில் கட்டிய மாளிகை. அதன் கீழ்த்தள முற்றத்தைச் சுற்றிச் செதுக்கிய மரத்தூண்களும் மேல்தளத்தில் சுதை பூசிய செங்கல் தூண்களும் நிற்கின்றன. 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்தபோது தப்பிய மிகச் சில கட்டடங்களுள் இதுவும் ஒன்று. நகரைப் பிரெஞ்சுக்காரருக்கே திருப்பித் தர வழிசெய்த 1763ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் பழைய வீதி அமைப்பின்மேலேயே நகரம் மீண்டும் எழுந்தது. இன்று எஞ்சியுள்ள வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

அமைப்பு: வீதியோரம் மரக்கால்கள் தாங்கும் ஓட்டுச்சரிவுத் தாழ்வாரம்; வழிப்போக்கரும் அமரலாம். அதையடுத்துத் திண்ணை, செதுக்கு வேலைப்பாடுள்ள வாசற்கதவு, நடை, முற்றம், பின்கட்டு என வீடு உள்நோக்கி நீளும். முற்றம் வெளிச்சமும் காற்றும் தரும். குடும்பச் சடங்குகளும் அங்கேயே நடக்கும். மேல்தளத்தில் வளைவுச் சன்னல்கள், சாய்பலகைக் கதவுகள், சுவரொட்டிய அரைத்தூண்கள், கைப்பிடிச் சுவர் ஆகியவை காணப்படும். வாய்க்காலுக்குக் கிழக்கேயுள்ள வெள்ளையர் பகுதி வீடுகள் உயர்ந்த மதிலுக்குள் ஒதுங்கி நிற்க, இவ்வீடுகள் வீதியோடு உறவாடுகின்றன. அக்கம்பக்கத்து வீடுகளின் தாழ்வாரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வீதி முழுதும் நிழல் தருவது இவற்றின் தலையாய பண்பு. வீட்டின் உயிரான பகுதிகளை மாற்றாமல் மேல்தளத்தில் மட்டும் புதுப்பாணியை ஏற்ற இக்கலப்பு, உள்ளூர்க் கொத்தனார், தச்சர் திறமையின் விளைவு.

பொருள்கள்: செங்கல், சுண்ணாம்புச் சாந்து, தேக்கு, நாட்டு ஓடு. மேல்கூரை பெரும்பாலும் மரச்சட்டங்கள்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பால் இறுக்கிய மெட்ராஸ் தளம்.

இன்றைய நிலை: பல வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. மரபுச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு மேற்கொண்ட வைசியாள் வீதி மீட்பு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது.