ஒல்லியா இருந்தாலும் சுகர் வருமா? இன்சுலின் எதிர்ப்பு என்றால் என்ன?

"நான் ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எப்படி சுகர்?" திருச்சி தில்லைநகரிலும் ஸ்ரீரங்கத்திலும் லேப் ரிப்போர்ட்டோடு டாக்டர் முன் உட்காரும் பலர் கேட்கும் கேள்வி இது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் 1 கோடியாவது பயனாளிக்கு 2022 டிசம்பரில் மருந்துப் பெட்டகம் வழங்கப்பட்டது திருச்சி மாவட்டம் சன்னாசிப்பட்டியில்தான். பிபி, சுகர் மாத்திரை வீடு தேடி வருவது நல்ல விஷயம். ஆனால் மாத்திரை தேவைப்படும் நிலை வருவதற்குப் பல வருஷம் முன்பே உடம்புக்குள் சிக்கல் தொடங்கிவிடுகிறது. அதுதான் இன்சுலின் எதிர்ப்பு.

உள்ளே என்ன நடக்குது?

ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது இன்சுலின். கொழுப்பு செல்கள் தங்கள் இருப்பை வெளியே விடாமல் தடுப்பதும் அதேதான். தோலுக்கு அடியில் கொழுப்பு சேரும் இடம் நிரம்பிவிட்டால், மிச்சம் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் தசையிலும் படியும். அங்கெல்லாம் இன்சுலினின் பேச்சு எடுபடாது. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்கும். அதனால் சுகர் டெஸ்ட் நார்மலாகவே காட்டும். கணையம் தளரும்போதுதான் அளவு ஏறும்.

நம்மவர்களுக்கு அந்த இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது என்று கருதப்படுகிறது. 2004-ல் லான்செட் இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் வந்தது. இருவரின் பிஎம்ஐ-யும் 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%!

ரிப்போர்ட்டில் எதைப் பார்க்கணும்?

இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல். ட்ரைகிளிசரைடு 150 அல்லது மேல். நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழ். பிபி 130/85 அல்லது மேல். வெறும் வயிற்றில் சுகர் 100 அல்லது மேல். இந்த ஐந்தில் மூன்று இருந்தால் அதை மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறார்கள்.

"எண்ணெயே சேர்க்கலையே, ட்ரைகிளிசரைடு ஏன் ஏறுது?" என்பார்கள். தேவைக்கு மேல் சாப்பிடும் சோறு, இட்லி, சர்க்கரையைக் கல்லீரலே கொழுப்பாக மாற்றிவிடும். குழம்பு, ரசம், மோர் என்று மூன்று முறை சோறு போட்டு, பொரியலை மட்டும் தொட்டுக்கொள்ளும் தட்டில் பிரச்சினை எண்ணெயில் இல்லை.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய். அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்கள் 13.6 கோடி.

திருப்ப முடியுமா?

இந்த முந்தைய கட்டத்தில் இருப்பவர்களிடம் சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. பங்கேற்றவர்கள் 531 பேர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 3 வருடத்தில் 55% பேருக்கு சுகர் வந்தது. தினம் அரை மணி நேர நடை, மாவுச்சத்தும் கொழுப்பும் குறைத்த சாப்பாடு என்று மாறியவர்களில் அது 39.3%. எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது. கூடவே மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தும் கூடுதல் பலன் இல்லை. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அந்த அரை மணி நேரம் காலையில் சித்திரை வீதியிலோ உத்தர வீதியிலோ முடிந்துவிடும்.

இடுப்பு அளக்க பேன்ட் சைஸ் உதவாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். 90, 80-ஐத் தொட்டால் சுகரோடு லிப்பிட் டெஸ்ட்டும் எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.