நூலைப் பார்த்து விலை சொல்லாதீர்கள்!

உங்கள் வீட்டு பீரோவில் ஒரு காஞ்சிபுரம் பட்டுச் சேலை இருக்கும். அம்மாவின் கல்யாணச் சேலையோ, மனைவியின் முகூர்த்தப் புடவையோ, ஏதோ ஒன்று. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இதில் காஞ்சிபுரம் எங்கே இருக்கிறது?

பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை என்றால் சூரத். காஞ்சிபுரத்தில் பட்டுப்புழுவும் வளர்வதில்லை, தங்கமும் விளைவதில்லை. ஆனாலும் 2005-06-ல் புவிசார் குறியீடு கொடுத்தபோது காஞ்சிபுரத்தின் பேரில்தான் கொடுத்தார்கள். ஏன் தெரியுமா? தறி இங்கே இருக்கிறது. உடல் ஒரு கலர், பார்டர் வேறு கலர் என்று கோர்வை போட்டு நெய்ய ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் கை ஓடும் வேகத்துக்கு மற்றவர் கையும் ஓட வேண்டும். எங்கெங்கிருந்தோ வந்த நூல் அங்கேதான் சேலையாகிறது.

பி.காம். வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது அடக்க விலை. மூலப்பொருள் இவ்வளவு, கூலி இவ்வளவு, கூட்டினால் அடக்கம் இவ்வளவு. கணக்கு சரிதான். ஆனால் நூலின் விலையை மட்டும் வைத்துச் சேலையின் விலையைச் சொல்கிறவன் வியாபாரத்தில் தேற மாட்டான்.

கால்பந்து ரசிகர்கள் வருஷா வருஷம் இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். புதிதாக ஒரு ஆட்டக்காரன் கிளப்புக்கு வந்தால் உடனே பூர்வீகம் விசாரிப்பார்கள். 'இதுக்கு முன்னாடி எங்கே ஆடினான்?', 'எவ்வளவு கொடுத்து வாங்கினாங்க?' பதில் சுமாராக இருந்தால் உதட்டைப் பிதுக்கிவிடுவார்கள். அப்படி உதட்டைப் பிதுக்கவைத்த ஒரு கூட்டம் நம் கோயம்புத்தூரில் இந்தியாவையே ஜெயித்தது. கிரிக்கெட் சத்தத்தில் நம்மில் பல பேர் காதுக்கு அது வந்து சேரவே இல்லை.

கிளப்பின் பெயர் சென்னை சிட்டி. 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கியது. 2017 ஜனவரியில் ஐ-லீக்கில் நுழைந்தது. பெயரில்தான் சென்னை. சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம்! 2017-18 சீசனில் பத்து அணிகளில் எட்டாவது இடம். இதுதான் அவர்களுடைய ஜாதகம்.

அந்த எட்டாம் இடத்து அணியிலேயே ஒரு ரத்தினம் இருந்தது. மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைப் பையன். அந்த சீசனின் சிறந்த மிட்ஃபீல்டர் விருது அவருக்குக் கிடைத்தது. விருது வாங்கிய கையோடு ஜாம்ஷெட்பூர் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சரக்கு நன்றாக இருந்தால் பெரிய கடை வந்து வாங்கத்தானே செய்யும்?

ஆக, எட்டாம் இடத்து அணி, இருந்த நல்ல ஆளும் போயாச்சு. சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் என்று ஒரு கோச் வந்தார். ஸ்பெயினிலிருந்து சில பேர் வந்தார்கள். ஸ்பெயின் என்றதும் ரியல் மாட்ரிட், பார்சிலோனா என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் சின்ன ஊர், சின்ன கிளப், கீழ்ப் பிரிவு எல்லாம் உண்டு. கோல் போட வந்த பெட்ரோ மான்சிக்கு அப்போது வயது முப்பது. அதுவரை ஆடியதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கீழ்ப் பிரிவுகளில்தான். நெஸ்டர் கோர்டில்லோ, சான்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா, கோல்கீப்பர் நாஸெட் சன்டானா... இந்தப் பெயர்களைக் கேட்டு இங்கே யாரும் விசில் அடித்திருக்க மாட்டார்கள்.

எதிர்ப் பக்கம் யார் என்றும் பாருங்கள். ஈஸ்ட் பெங்கால், 2003-04-க்குப் பிறகு தேசிய லீக் பட்டமே இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த கொல்கத்தா கிளப். அந்த வருஷம் பணத்தைக் கொட்டியது. 2018 உலகக் கோப்பையில் கோஸ்டாரிக்காவுக்கு ஆடிய ஜானி அகோஸ்டாவைக் கூட்டி வந்தது. ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணிக்குப் பயிற்சி கொடுத்த அலெஹாந்த்ரோ மெனெண்டஸைக் கோச்சாக உட்கார வைத்தது. நூல் விலைப்படி பார்த்தால் போட்டியே கிடையாது.

2018 அக்டோபரில் சீசன் ஆரம்பம். கோவையில் முதல் ஆட்டம். எதிரில் இந்தியன் ஆரோஸ். மான்சி எடுத்த எடுப்பில் ஹாட்ரிக் போட்டார். அதிர்ஷ்டம் என்று சொல்லியிருப்பார்கள். சீசன் முடிந்தபோது அவர் கணக்கில் 21 கோல்! சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவோடு சேர்ந்து லீக்கில் முதலிடம். முப்பது வயதுக்காரருக்குத் தேய்மானம் கழிக்கத்தான் கணக்குப்பிள்ளைக்குத் தோன்றும். அவரோ வருஷக் கடைசியில் வட்டியும் முதலுமாகக் கொடுத்தார்.

தனி ஆள் சாதனை என்று இதை நினைத்துவிடக் கூடாது. நெஸ்டரும் சான்ட்ரோவும் நடுவில் பந்தைப் பிடித்து வைத்துக் குட்டிக் குட்டி பாஸ்களாகக் கொடுத்தார்கள். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித் குமார், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம் பையன்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடினார்கள். கோர்வை போடும் தறியில் இரண்டு கை ஒன்றாக ஓடுவது மாதிரிதான். ஒருவர் பிந்தினாலும் பார்டர் கோணிவிடும்.

2019 மார்ச் 9. கடைசி நாள். சென்னை சிட்டி 40 பாயின்ட், ஈஸ்ட் பெங்கால் 39. கோவையில் சென்னை சிட்டிக்கும் நடப்பு சாம்பியன் மினர்வா பஞ்சாபுக்கும் ஆட்டம். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கும் கோகுலம் கேரளாவுக்கும் ஆட்டம். சென்னை சிட்டி டிரா செய்து, ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு.

மூன்றாவது நிமிஷமே மினர்வா கோல் போட்டது. இடைவேளை வரை 0-1. ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும்.

இரண்டாம் பாதியில் ஒரு பெனால்டி. மான்சி அடித்தார், 1-1. ஆனால் டிரா போதாதே! கோழிக்கோட்டில் முதலில் பின்தங்கிய ஈஸ்ட் பெங்கால், இரண்டு கோல் போட்டு 2-1 என்று ஜெயித்தது. இங்கே மட்டும் 1-1 என்றே முடிந்திருந்தால் கதை கந்தல்.

அப்போது காப்பாற்றியது யார்? ஸ்பெயின்காரர் யாருமில்லை. கௌரவ் போரா என்ற அசாம் பையன். வயது இருபதுதான். அதிலும் டிஃபெண்டர், கோல் போடுவது அவர் வேலையே இல்லை. 69-வது நிமிஷம் ஒன்று, ஆட்டம் முடிகிற நேரத்தில் இன்னொன்று. 3-1. சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு பாயின்ட்! தமிழ்நாட்டு கிளப் ஒன்று முதல் முறையாக ஐ-லீக் பட்டத்தை வாங்கியது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அதே சீசனில் நட்சத்திர முதலாளிகளோடு ஐ.எஸ்.எல். ஆடிய சென்னையின் எஃப்.சி., முந்தைய வருஷத்து சாம்பியன், கடைசி இடத்துக்குப் போனது. சென்னை சிட்டியோ அடுத்து நடந்த சூப்பர் கோப்பை காலிறுதியில் ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூருவையே 2-1 என்று வீழ்த்தியது.

இது ஒரு தடவை நடந்த அதிசயமா? இல்லை சார். 1934-ல் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், இரண்டாம் பிரிவிலிருந்து அப்போதுதான் மேலே ஏறி வந்திருந்தது. 1898-லிருந்து நடந்துவந்த கொல்கத்தா லீகை அதுவரை எந்த இந்திய கிளப்பும் ஜெயித்ததில்லை. வெள்ளைக்கார அணிகள்தான் மாறி மாறி வாங்கிக்கொண்டிருந்தன. முகமதன் என்ன செய்தது? பெங்களூர் உட்பட நாட்டின் பல மூலைகளிலிருந்து ஆட்களைச் சேர்த்தது. வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்களை, மழைச் சேற்றில் பூட்ஸ் போட்டு ஆட வைத்தது. ஏறி வந்த முதல் வருஷமே பட்டம். 1938 வரை தொடர்ந்து ஐந்து பட்டம்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். லெஸ்டர் சிட்டி 2015-16-ல் பிரீமியர் லீக்கை ஜெயிக்கும் என்பதற்குச் சூதாட்டக்காரர்கள் கொடுத்த விலை ஒன்றுக்கு ஐயாயிரம். அந்த அணியின் ஜேமி வார்டி, ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டே சின்ன கிளப்புகளில் ஆடியவர். ரியாத் மஹ்ரெஸ் பிரான்சின் இரண்டாம் பிரிவிலிருந்து அரை மில்லியன் பவுண்டுக்கும் குறைவாக வந்தவர்.

மூன்று கதையிலும் ஒரே பாடம். ஆளை நேற்று ஆடிய இடத்தை வைத்து எடை போட்டார்கள். இன்று அவன் யாரோடு, எந்த இடத்தில், எப்படி ஆடப்போகிறான் என்று யாரும் கேட்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. கட்டடம், மிஷின், சரக்கு எல்லாவற்றின் விலைக்கும் மேலே, ஒரு நிறுவனம் ஒழுங்காக ஓடுவதற்கு இருக்கும் மதிப்பு. கால்பந்தில் அந்தக் குட்வில்லுக்குப் பெயர் அணி.

ஆனால், குட்வில்லைத் தனியாகப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்க முடியாது. கடை மூடினால் அதுவும் போச்சு.

சென்னை சிட்டிக்கு அதுதான் நடந்தது. 2019-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியபோது நல்ல காலம் பிறந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அதே வருஷம் நாட்டின் முதல் நிலை லீக் என்ற அந்தஸ்து ஐ.எஸ்.எல்.லுக்குப் போனது. ஐ-லீக் சாம்பியனுக்குக் கோப்பை மிச்சம், மரியாதை குறைவு. நெஸ்டர் ஹைதராபாத் போனார். போரா ஒடிசா போனார். எட்வின் சென்னையினுக்கும், மான்சி 2020-ல் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்கும், அஜித் குமார் பெங்களூருவுக்கும், ரொமாரியோ கோவாவுக்கும் போனார்கள். கொரோனா வந்தது. 2021-22 ஐ-லீக் பட்டியலைப் பார்த்தால் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. பட்டம் வாங்கி மூன்று வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல சம்பளம் கிடைத்தால் நீங்களும் போவீர்கள், நானும் போவேன். கேள்வி வேறு. குமரிக் கடற்கரையிலிருந்தும் சென்னைத் தெருக்களிலிருந்தும் அடுத்து வருகிற பையன் தன்னைக் காட்ட எந்தத் தறியில் போய் உட்காருவான்?

இது வெறும் புலம்பல் இல்லை. சூசைராஜ் 2020 மார்ச்சில் ஏ.டி.கே. அணியோடு ஐ.எஸ்.எல். கோப்பை வாங்கினார். இறுதி ஆட்டத்தில் தோற்றது சென்னையின்! 2017-ல் சென்னை சிட்டிக்கு ஆடிய இன்னொரு பையன், சென்னையின் நந்தகுமார் சேகர், 2023-ல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். மோகன் பகானிடம் எட்டு டெர்பி வரிசையாகத் தோற்று ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் நொந்துபோயிருந்த நேரம் அது. ஆகஸ்ட் 12, டியூரண்ட் கோப்பை, சால்ட் லேக் ஸ்டேடியம். நந்தகுமார் ஒரு கோல் போட்டார். 1-0. நாலரை வருஷமாக டெர்பியில் ஜெயிக்காத குறை தீர்ந்தது.

2019-ல் சென்னை சிட்டியிடம் ஒரே ஒரு பாயின்ட்டில் பட்டத்தைப் பறிகொடுத்தார்களே, அதே ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள்தான் அன்றைக்கு அவர் பெயரைச் சொல்லி ஆடினார்கள். அவருக்குக் களம் கொடுத்த கிளப்போ, அப்போது எந்த தேசிய லீக்கிலும் இல்லை.