புரோட்டாக் கடைக்கு 'பார்டர்' என்று பேர் வந்த கதை



சாரல் ஆரம்பித்துவிட்டது. ஜூன் பிறந்தால் என் கைபேசிக்கு இரண்டு வகைப் படங்கள் வரும். ஒன்று, ஐந்தருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கும் படம். மற்றது, குளித்து முடித்த பசியோடு வாழை இலையில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும். இந்த வாரம் படம் அனுப்பிய பழைய மாணவர் ஒருவர் ஒரு கேள்வியும் சேர்த்து அனுப்பியிருந்தார். "சார், கேரளா எல்லை புளியரைக்கு அந்தப் பக்கம் மலைமேல இருக்கு. பிரானூர்ல இருக்கிற கடைக்கு எதுக்கு சார் பார்டர் கடைன்னு பேரு?"

நல்ல கேள்வி. வகுப்பில் இருந்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பேன். பதில் கொஞ்சம் நீளம். ஒரு டீயைப் போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

தென்காசியிலிருந்து செங்கோட்டை ஏழெட்டு கிலோமீட்டர்தான். இன்று டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் 1956 அக்டோபர் 31 வரை தென்காசி ஒரு ராஜ்யம், செங்கோட்டை வேறு ராஜ்யம். தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி ஜில்லா. செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. சுதந்திரத்துக்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. இரண்டுக்கும் நடுவில் பிரானூர்ப் பக்கம் எல்லை. 1911-இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் பிறந்தது திருவிதாங்கூர் மண்ணில் என்பதைப் பலரும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

எல்லை என்றால் வெறும் மைல்கல் அல்ல. செலவாணியே வேறு. அந்தப் பக்கம் சக்கரம், பணம், காசு. திருவிதாங்கூர் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம். நம் பக்கத்து ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். தபால்கூட வேறு, அங்கே அரசாங்கமே 'அஞ்சல்' என்ற பெயரில் தனித் தபால் நடத்தியது. சந்தைக்குப் போகிற பெண்கள் மனக்கணக்கில் நம்மையெல்லாம் தோற்கடித்ததற்கு இந்தச் சக்கரக் கணக்கும் ஒரு காரணம் என்று எங்கள் ஆச்சி சொல்வாள்.

ஆனால் அடுக்களைக்கு அந்த எல்லை தெரியாது. சிற்றாற்றுப் பாசனத்து நெல் மேற்கே போனது. மேற்கேயிருந்து தேங்காய், மிளகு, நேந்திரங்காய், பலா, மரவள்ளிக்கிழங்கு கிழக்கே வந்தன. 1904-இல் செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை ரயில் ஓடத் தொடங்கியதும் இந்தப் போக்குவரத்து இன்னும் பெருகியது. நம் வீட்டு அவியலில் தேங்காய் எண்ணெய் மணப்பதும், தீயல் நம் அடுக்களையில் சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்திருப்பதும் இப்படித்தான். குற்றாலத்தில் சீசனுக்குக் குவித்து வைத்திருக்கும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் அதைவிடத் தூரத்துச் சரக்கு. இரண்டுக்கும் பூர்வீகம் கடல் தாண்டிய மலாய் நாட்டுப் பக்கம். குற்றாலத்துச் சாரலும் நிழலும் ஒத்துக்கொண்டதால் இங்கேயே வேர்விட்டவை.

சரி, அந்த எல்லை எப்போது உறைத்தது என்றால், பஞ்சத்தில்தான்.

1942 மார்ச்சில் ஜப்பான்காரர்கள் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா அரிசி நின்றது. திருவிதாங்கூர் தன் சோற்றுக்குப் பெருமளவு வெளி அரிசியை நம்பியிருந்த நாடு. அங்கே பட்டினி வந்தது. சாப்பாட்டைத் தாங்கிப் பிடித்தது மரவள்ளிக்கிழங்கு. 1880-களில் அங்கே அரசாண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிடச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர். நம் பக்கம் ரேஷனும் கட்டுப்பாடும். ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்கு அரிசி கொண்டுபோகவே அனுமதி வேண்டும் என்றால், ராஜ்யம் தாண்டிக் கொண்டுபோவதைக் கேட்கவா வேண்டும்? 1952-இல் ராஜாஜி முதல்வராக இருந்து உணவுக் கட்டுப்பாட்டை நீக்கும் வரை இந்தக் கெடுபிடி ஏதோ ஒரு வடிவத்தில் இருந்தது. 1960-களின் பற்றாக்குறையில் மறுபடியும் வந்தது. மடியிலும் ஓலைப்பெட்டியிலும் நாலு படி அரிசியைக் கட்டிக்கொண்டு கொல்லம் ரயிலில் ஏறிய பெண்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். சட்டம் அதைக் கடத்தல் என்றது. அந்தப் பெண்களுக்கு அது அன்றைய கூலி.

இனி வெளியில் சாப்பிடுகிற கதைக்கு வருவோம்.

இன்று குற்றாலம் என்றால் ஓட்டல் நினைவுக்கு வருகிறது. அந்தக் காலத்தில் குற்றாலத்துக்கு வந்தவர்கள் சோற்றைக் கையோடு கொண்டுவந்தார்கள். புளியோதரை, எள்ளுத் துவையல், வறுத்த மாவு, வில் வண்டியில் பாத்திரம் பண்டம். சத்திரத்திலோ மடத்திலோ இடம் பிடித்து மூன்று கல் கூட்டிச் சமைப்பார்கள். செல்வாக்குள்ளவர்களுக்கு வீடுகள் இருந்தன. ரசிகமணி டி.கே.சி. 1954-இல் மறையும் வரை குற்றாலத்தில்தான் வாழ்ந்தார். அவர் வீட்டு விருந்தோம்பல் நாடறிந்தது. ராஜாஜியும் கல்கியும் அங்கே விருந்தினர்கள். கவிதைக்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவு மரியாதை அங்கே இலையில் விழும் பதார்த்தத்துக்கும் இருந்தது.

எல்லோருக்கும் டி.கே.சி. வீடு கிடைக்குமா? காசிருந்தாலும் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது அன்றைக்குப் பெரிய கேள்வி. பிரானூர் எல்லையைவிடக் கறாரான இன்னொரு எல்லை பந்தியில் இருந்தது.

தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போனால் வழியில் சேரன்மகாதேவி வரும். அங்கே 1920-களில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். தேசபக்தியை ஊட்டி வளர்க்கிற பள்ளி. தமிழ்நாடு காங்கிரஸே 5,000 ரூபாய் கொடுத்தது. ஐயர் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடக்கூடியவர். ஆனால் இரண்டு பிராமணப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொண்டதால் அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட இசைந்தார். அந்த இரண்டு இலைகளால் தமிழ்நாட்டு அரசியலே கலங்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். 1925-இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூனில் பாபநாசம் அருவியில், மகளைக் காப்பாற்றப் போய், உயிரையும் விட்டார். இரண்டு பையன்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது இவ்வளவு பெரிய விஷயமா என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். ஒரு பந்தியில் உட்கார முடியாதவர்கள் ஒரு நாட்டில் எப்படிச் சேர்ந்து இருப்பது என்பதுதான் அன்றைய கேள்வி. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்ததே 1941-இல்தான் ஒழிந்தது.

இப்போது 1956-க்கு வாருங்கள். வரலாற்று வகுப்பில் நவம்பர் 1-ஐ மட்டும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அன்றைக்குத்தான் மாநிலச் சீரமைப்பில் கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்தன. செங்கோட்டைத் தாலுகா முழுவதுமாக வரவில்லை. ஆரியங்காவுப் பக்கம் கேரளத்தோடு நின்றது. எல்லை மேற்கே நகர்ந்து மலைக்குப் போய்விட்டது. பிரானூரில் இருந்த எல்லை காகிதத்தில் அழிந்தது. ஜனங்களின் வாயில் மட்டும் அழியவில்லை. "பார்டர்ல இறங்கணும்" என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பின்னால் அங்கே ரஹ்மத் புரோட்டாக் கடை வந்து பேர் பெற்றபோது இடத்தின் பழைய பெயர் கடையோடு ஒட்டிக்கொண்டது. மாணவரின் கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

ஆனால் அதே 1956-இல் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் இலையில் இருக்கும் புரோட்டா முழுசாகப் புரியும்.

ஒன்று, ஆகஸ்ட் 29. பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ் கோதுமை வாங்க இந்தியா கையெழுத்துப் போட்டது. டாலர் வேண்டாம், ரூபாயிலேயே விலை கொடுக்கலாம் என்பது அதன் வசதி. கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. கடும் வறட்சி கண்ட 1966-இல் மட்டும் இந்தியா இறக்குமதி செய்த தானியம் ஏறத்தாழ 1 கோடி டன். அதில் பெரும்பங்கு அமெரிக்கக் கோதுமை. நெல்லும் கம்பும் சோளமும் தெரிந்த நம் அடுக்களைக்குக் கோதுமையை என்ன செய்வதென்று தெரியவில்லை. உப்புமா கிண்டினார்கள், களி கிளறினார்கள், தோசை ஊற்றிப் பார்த்தார்கள். கடைக்காரர்களுக்கு மட்டும் வழி தெரிந்தது. மில்லில் தவிடு நீக்கி வெளுத்த மைதா மூட்டை கைக்கு எட்டும் விலையில் கிடைத்தது. புரோட்டா அதற்கு முன்பே உண்டுதான். தெருவுக்குத் தெரு புரோட்டாக் கல் முளைத்தது இந்தக் கோதுமைக் காலத்துக்கு அப்புறம். அரிசி கிடைக்காத ராத்திரியில் ஒரு கூலிக்காரரின் வயிற்றை நாலு புரோட்டாவும் ஒரு கரண்டி சால்னாவும் நிறைத்தன.

இரண்டாவது, காமராஜர் காலத்து மதிய உணவு. அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த எட்டயபுரத்தில் 1956-இல் தொடங்கியது. 1960-களில் கேர் அமைப்பு மூலம் அமெரிக்கக் கோதுமையும் பால் பவுடரும் பள்ளிக்கூடங்களுக்கு வந்தன. நான் ஆரம்பப் பள்ளியில் தட்டேந்திச் சாப்பிட்டது அந்தக் கோதுமைதான். முப்பது வருஷம் முன்பு சேரன்மகாதேவியில் முடியாமல் போனது, அந்தத் திண்ணையில் சத்தமில்லாமல் நடந்தது. யார் பிள்ளை எந்தத் தெரு என்று பாராமல் ஒரே வரிசை, ஒரே அண்டா.

புரோட்டாக் கடை பெஞ்சும் அந்த வரிசைதான். லாரி ஓட்டுநர், தேங்காய் வியாபாரி, ரப்பர்க் காட்டுக் கூலியாள், சீசனுக்கு வந்த குடும்பம் எல்லாம் அடுத்தடுத்து உட்காரலாம். யாரும் குலம் கோத்திரம் கேட்பதில்லை. அதற்காக எல்லைகள் எல்லாம் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ரோட்டோரக் கடையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்ட காலத்திலேயே பல கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. அதுவும் நம் வரலாறுதான்; மறைக்கக் கூடாது.

இன்னொரு எல்லையும் சொல்ல வேண்டும். அது வீட்டு வாசற்படி. என் அம்மா எழுபது வயதுக்கு மேல் இருந்தாள். ஒரு நாள்கூடக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அப்பா வாங்கிவரும் பார்சலை, சால்னாவில் ஊறிப்போன புரோட்டாவை, எல்லோரும் சாப்பிட்ட பிறகு வாழை இலையோடு வைத்துக்கொண்டு அடுக்களையில் சாப்பிடுவாள். "கல்லுல இருந்து எடுத்த உடனே தின்னா எப்படி இருக்கும்?" என்று ஒரு தடவை கேட்டாள். இன்று என் மாணவிகள் பிள்ளைகளோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து படம் போடும்போது, மற்ற எதையும்விட அதுதான் எனக்கு நிறைவாக இருக்கிறது.

நம் பாரம்பரிய உணவு புரோட்டா என்று சிலர் எழுதுகிறீர்கள். அதற்கு எதிராக மைதாவைத் திட்டியும் சிலர் எழுதுகிறீர்கள். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. அது நம் பாரம்பரியத்தில் கடைசியாகச் சேர்ந்த பிள்ளை. அதற்கு மூத்த பிள்ளைகள் கம்பங்கூழ், சோளச்சோறு, குதிரைவாலி, உளுந்தங்களி, கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளப் புளிமிளகாய். சங்கரன்கோவில் பக்கத்து மானாவாரி ஊர்களில் நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கலுக்கு என்றிருந்த காலத்தில் நம்மை வளர்த்தவை அவை. அவற்றை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. சமைக்கத் தெரிந்தவர்களோ எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம். ஓய்வு பெற்றாலும் வாத்தியார் வாத்தியார்தான். இந்தச் சீசனுக்கு ஊருக்கு வருகிறவர்கள் அருவியில் குளியுங்கள், பார்டரில் வயிறாரச் சாப்பிடுங்கள். மறுநாள் காலையில் வீட்டில் இருக்கும் ஆச்சியிடமோ தாத்தாவிடமோ அரை மணி நேரம் உட்காருங்கள். உங்கள் வயதில் ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், அரிசி எங்கிருந்து வந்தது, முதல் முதலாகக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டது எந்த வருஷம், அன்றைக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு, எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மார்க் உண்டு.